ஆட்சேபம் இல்லை

ஐந்து நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்தும் அந்தப் பிரிவில் சின்னவருக்குக் கொடுத்திருந்த வேலை, உள்ளதைச் சொன்னால், பேசாமல் இருப்பது. வேலை விவரத்தில் இதைக் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஆனால் ஆறு வருடமாக அவர் செய்தது அதுதான். அதைச் சுத்தமாகச் செய்தார் என்று இரண்டு முறை பாராட்டுக் கடிதமும் வந்திருக்கிறது.

வீட்டில் கடைக்குட்டி என்பதால் வந்த பெயர் சின்னவர். ஐம்பத்தொன்பது வயதாகித் தலை முழுக்க வெளுத்து, ஓய்வுபெற ஒரு வருடமே மிச்சமிருந்தபோதும் அந்தப் பெயர் மட்டும் வளரவில்லை. அலுவலகத்தில் அவர் தொடர்பு அதிகாரி. மேசையில் ஐந்து சின்னக் கொடிகள் ஒரே கட்டையில் குத்தி நிற்கும். அதில் ஒன்றின் கம்பு உடைந்து டேப் ஒட்டியிருந்தது. அது எந்த நாட்டுக் கொடி என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று அவரே உத்தரவு போட்டிருந்தார்.

ஐந்து அரசுகளும் தங்கள் குடிமக்களின் பதிவேடுகளை ஒன்றுக்கொன்று திறந்துவிட்டு, அவற்றைப் படித்து ஒப்பிட ஒரு செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தையும் பொதுவில் வைத்திருந்தன. கைரேகை, முகம், பெற்றோர் பெயர், பிறந்த தேதி என்று பொருத்தம் பார்ப்பதே அதற்குத் தொழில். அதனால் அலுவலகத்தில் அதன் பெயர் ‘தரகர்’. ஒரே ஆள் இரண்டு நாட்டில் இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தால் தரகர் பிடித்துப் பட்டியலில் போட்டுவிடுவார். பட்டியல் ஐந்து தொடர்பு அதிகாரிகளுக்கும் போகும். பத்து வேலை நாள் அவகாசம். கடைசி நாளான வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் யாரும் ஒன்றும் எழுதாவிட்டால் ஐந்து நாடும் ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

இதில் இரண்டு விதிகள் முக்கியமானவை. ஒருவர் ஓரிடத்தில் உயிரோடும் இன்னோரிடத்தில் இறந்தும் இருந்தால், இறப்புதான் செல்லும். செத்தவர் பெயரில் சலுகை வாங்குகிறவர்களைப் பிடிக்கத்தான் ஒப்பந்தமே வந்தது. இரண்டாவது, எந்த நாடு எழுதிய பதிவோ அந்த நாடுதான் அதை ஆட்சேபிக்கலாம். அடுத்த நாட்டின் பதிவேட்டில் பிழை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஐந்து நாட்டு மானமும் சண்டையில்லாமல் ஒரே அறையில் உட்கார அந்த விதிதான் நாற்காலி போட்டது. அந்த விதியை எழுதிய குழுவில் சின்னவரும் இருந்தார்.

புதன்கிழமை மதியம் அவர் பட்டியலைத் திறந்தார். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட ஆட்சேபித்ததில்லை என்பதால் கடைசி மூன்று நாளில் பார்த்தால் போதும் என்பது அவர் பழக்கம். மொத்தம் நாற்பத்தொரு பேர்.

பதினேழாவது வரிசையில் ஒரு பெண். வயது அறுபத்து மூன்று. அண்டை நாட்டில், உயிருடன். நம் நாட்டில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆற்றில் மூழ்கி இறப்பு, உடல் கிடைக்கவில்லை. அறிவித்தவர், தந்தை. சாட்சி, சகோதரர்.

சாட்சி என்ற கட்டத்தில் அவருடைய பெயர் இருந்தது.

பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவருக்கு. கன்னம் இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, ஆனால் அது யாருடையதோ. பதினெட்டாவது வரிசையைப் படித்தார். பத்தொன்பதையும் படித்தார். நாற்பத்தொன்று வரை போய்விட்டுத் திரும்பி வந்து பதினேழைப் பார்த்தார். அது அங்கேயே இருந்தது.

“சார், டீ ஆறிப்போச்சு,” என்றாள் பிரிவு உதவியாளர். முப்பது வயதுப் பெண். பட்டியல் நாட்களில் மணி சொல்வது அவள் பொறுப்பு என்பதால் எல்லோருக்கும் அவள் ‘கடிகாரம்’. “வேற போட்டுத் தரச் சொல்லட்டுமா?”

“வேணாம்மா.”

டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை.

அக்காவுக்கு இருபத்து மூன்று வயதில் ஒருவரைப் பிடித்துப் போனது. அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரர். அப்பா வேண்டாம் என்றார். அவள் ஒரு கைப்பெட்டியோடு கிளம்பிவிட்டாள். அப்பா சத்தம் போடவில்லை. ஒரு மாதம் காத்திருந்தார். பிறகு ஒரு காலையில் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சின்னவரை அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனார். மகள் ஓடிப்போனாள் என்று நாலு பேர் பேசும் வீட்டில் அவரால் தலைநிமிர்ந்து சாப்பிட முடியாது; மகள் செத்துப்போனாள் என்றால் முடியும். இதைச் சரி என்று சொல்லவில்லை. அந்தத் தலைமுறைக்கு முதுகு வளையாது, அவ்வளவுதான்.

எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அப்பா சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தவர், சாட்சி இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“தம்பி, நீ கண்ணால பார்த்தியா?”

பத்தொன்பது வயதுச் சின்னவர் அப்பாவின் செருப்பைப் பார்த்தார். புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தது. தலையை ஆட்டினார். எழுத்தர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்ட பிறகு மை காயும்வரை எழுத்தரே அதை ஊதினார். அந்தப் பழைய கையெழுத்துப் பதிவேடுகளைத்தான் போன வருடம் படம் பிடித்துத் தரகருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஐந்து நாடுகளில் நம் நாட்டுப் பதிவேடுகள்தான் பழமையானவை, அவையும் சேரவேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவர் சின்னவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணனுக்கு எழுபது. அப்பாவுக்குப் பிறகு குடும்பத்துக்கு அவர்தான் தலை. நாற்காலியில் சாயாமல் உட்காருவார். சாய்வதை ஒரு பலவீனமாக நினைப்பவர். சின்னவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“உயிரோடதான் இருக்காளா?” என்றார் கடைசியில்.

“இருக்கா. அங்க உள்ள பதிவுல ஆஸ்பத்திரி அட்டை எண்ணும் இருக்கு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். இப்ப அட்டையை நிறுத்தி வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி தாண்டினா மொத்தமா மூடிடும். அப்புறம் ரெண்டு நாட்டு நீதிமன்றமும் ஏறி இறங்கணும். வருஷக்கணக்கா ஆகும்.”

“அவளுக்கு வருஷக்கணக்கு இருக்கா?”

“இல்லண்ணா.”

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். “நீ ஆட்சேபிச்சா காரணம் எழுதணுமா?”

“மூணே காரணந்தான் இருக்கு. ஒண்ணு, பதிவு செஞ்சவர் தப்பு. ரெண்டு, ஆள் மாறாட்டம். மூணு, பொய் வாக்குமூலம்.”

“மூணாவதைப் போட்டா?”

“அறிவிச்சவர் பேரும் சாட்சி பேரும் அடுத்த பட்டியல்ல வரும். அஞ்சு நாட்டுலயும் தெரியும்.”

“அப்பா பேரு.”

“அப்பா பேரு. என் பேரு.”

“டேய், என் மகன் அடுத்த மாசம் நீதிபதியா உட்காரப் போறான். தாத்தா பொய் வாக்குமூலம்னு அஞ்சு நாட்டுல தண்டோரா போட்டா அவன் எந்த மூஞ்சியோட தீர்ப்புச் சொல்லுவான்?” அண்ணன் குரலை உயர்த்தவில்லை. “ஒண்ணாவதைப் போடு. எழுத்தர் தப்பா எழுதிட்டாருன்னு போடு. அவளும் பிழைச்சுக்குவா, வீட்டு மானமும் பிழைக்கும்.”

“அந்த எழுத்தர் ரெண்டு தடவை பார்த்தாருண்ணா என்னை.”

“அவர் செத்து இருபது வருஷம் ஆச்சு. செத்த ஆளுக்கு என்னடா கௌரவம்?”

அப்பாவும் செத்தவர்தானே என்று சின்னவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அண்ணி கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். அண்ணன் வாசல்வரை வந்தார். அது அவர் வழக்கமில்லை.

“நான் ஊர்ல இருந்திருந்தா நான்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்,” என்றார். “அப்பா உன்னை இழுத்திருக்க மாட்டாரு.”

வியாழக்கிழமை காலை சின்னவர் ஆட்சேபப் படிவத்தைத் திறந்து முதல் காரணத்தைக் குறித்தார். ‘ஆட்சேபிப்பவர் இதில் சம்பந்தப்பட்டவரா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டார். சேமித்து வைத்தார், அனுப்பவில்லை. ஜன்னலுக்குக் கீழே பஸ் டிப்போவில் ஒருவன் குழாயைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் கண்ணாடியில் பட்டு வழிந்தது. சின்னவர் மூன்று பஸ் கழுவி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது.

“தொடர்பு அதிகாரிங்களா?” பெண் குரல், அவசரக் குரல். “நான்... எங்க அம்மா அட்டை ஓடலை. ஆஸ்பத்திரில, உங்க அம்மா செத்துட்டாங்களேங்கிறாங்க. பக்கத்துல உட்கார்ந்து என்னைத் திட்டிட்டு இருக்காங்க, அவங்களைப் போய்! கருணை பார்த்து ரெண்டு தடவை ஏத்துனாங்க. இனிமே முடியாதாம். பதிவு உங்க நாட்டுதாம், நீங்கதான் எழுதணுமாம்.”

“பதினேழாவது வரிசை,” என்றார் சின்னவர்.



“அப்ப உங்களுக்குத் தெரியும்,” என்றாள். பிறகு, “மாமா.”

அந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருக்கு வேறு அக்கா தங்கை கிடையாது. சொல்லுக்கு உரிய ஆள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். நாற்பது வருடமாக அது வரவேண்டிய வழியில் ஒரு கையெழுத்து நின்றிருந்தது.

“நான் யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒப்பந்தம் போட்டப்ப பேப்பர்ல உங்க போட்டோ பேரோட வந்துச்சு. அம்மா வெட்டி வச்சிருக்காங்க. கேட்டா, ‘எவனோ ஆபீசர்’ம்பாங்க. எவனோ ஆபீசரை எதுக்கு பீரோவுல வைக்கணும்னு கேட்டேன். அடி விழுந்துச்சு. இப்ப பார்த்தா பதிவுல சாட்சி பேரும் அதேதான்.” அவள் சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டாள். “மாமா, எழுதுவீங்களா?”

“எழுதி வச்சிருக்கேன். பதிவு செஞ்சவர் தப்புன்னு. நாளைக்குள்ள போயிடும்.”

பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “யார்கிட்டடி பேசுற? குடு இங்க.” போன் கை மாறியது.

மூச்சு வாங்கும் சத்தம் முதலில் வந்தது.

“யாரு, சின்னவனா?”

“ஆமாக்கா.”

“செத்தவகிட்ட போன்ல பேசுறியே, பயமா இல்ல?”

“இல்லக்கா,” என்றார்.

“அப்பா ஆத்துலதான் தள்ளுனாராமே என்னை. இவ இப்பத்தான் படிச்சுச் சொன்னா. நான் நல்லா நீந்துவேன்னு அந்த மனுஷனுக்குத் தெரியும். வேற ஏதாவது சொல்லியிருக்கலாம்.” இருமினாள். “இப்ப என்னன்னு எழுதி வச்சிருக்கே?”

சொன்னார்.

“அந்த எழுத்தர் என்னடா பண்ணாரு?”

“ஒண்ணும் பண்ணலக்கா. சொன்னதை எழுதினாரு.”

“அப்ப ஏன் அவரை இழுக்கிறே?”

“அண்ணன்தான்...”

“பெரியவன் அப்படித்தான் சொல்லுவான். அவன்கிட்ட போய்க் கேட்டியே, அதைச் சொல்லு.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டாள். “இங்க பாரு. நான் எவனோ பேனா சறுக்கினதால செத்தவ இல்ல. எங்கப்பன் வேணும்னே எழுதினான், என் தம்பி நின்னு கையெழுத்துப் போட்டான். எழுதினா உள்ளதை எழுது. இல்லாட்டி எழுதாதே. நாப்பது வருஷமா செத்துக் கிடக்கேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள எழுந்துக்கணும்னு எனக்கொண்ணும் அவசரமில்ல.”

“அம்மா!” என்று மகள் கத்துவது கேட்டது. இணைப்பு அறுந்தது.

சின்னவர் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார். அது சரியாக உட்காராமல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கினார். அப்பாவின் முதுகும் அண்ணனின் முதுகும் மட்டும்தான் அந்த வீட்டில் நேராக இருந்தன என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அலுவலகம் வந்தார். கடிகாரம் ஏற்கெனவே அவர் திரையைத் திறந்து வைத்திருந்தாள்.

“சார், பதினொண்ணு,” என்றாள் பிறகு. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “பதினொண்ணு இருபது. வழக்கம்போலதானே சார்? நான் ‘ஆட்சேபம் இல்லை’ன்னு கோப்புல குறிச்சிடட்டுமா?”

“ஒண்ணு இருக்கும்மா.”

அவள் பேனாவை மூடித் திறந்தாள். “ஒண்ணு என்ன சார்?”

“ஆட்சேபம்.”

படிவத்தில் முதல் காரணத்தின் மேலிருந்த குறியை எடுத்துவிட்டு மூன்றாவதில் வைத்தார். கீழே விளக்கம் எழுத இருநூறு எழுத்துக்குத்தான் இடம். அந்த வரம்பையும் அவர் குழுதான் வைத்தது. யாரும் கதை எழுதக்கூடாது என்பதற்காக. அவர் எழுதினார்: ‘இவர் இறக்கவில்லை. குடும்ப கௌரவம் கருதித் தந்தை பொய்யாக அறிவித்தார். சாட்சியாகிய எனக்கு அது பொய் என்று தெரியும். பதிவு செய்த எழுத்தர்மீது தவறில்லை.’ எண்ணிப் பார்க்கவில்லை, அடங்கியது. அனுப்பினார்.

அனுப்பிய பிறகு ஏதாவது தோன்றும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தார். பயமோ, பாரம் இறங்கியதோ, ஏதாவது. கால் மரத்துப் போயிருந்ததுதான் தெரிந்தது. மேசைக்கு அடியில் அதை நீட்டி வைத்துக்கொண்டார்.

பதினொன்று நாற்பதுக்குத் தொலைபேசி வந்தது. அண்டை நாட்டுத் தொடர்பு அதிகாரி. அவருக்குச் சமமான பதவியில் இருக்கும் பெண்மணி. கூட்டங்களில் எப்போதும் இரண்டு பேனாவோடு வருபவர்.

“சார், கைதவறி எதையாவது அமுக்கிட்டீங்களா? உங்க நாட்டுலேர்ந்து ஆட்சேபம்னு வந்திருக்கு. ஆறு வருஷத்துல முதல் தடவை. எங்க ஆளுங்க திரை கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டாங்க.”

“கைதவறல மேடம்.”

காகிதம் புரளும் சத்தம். அவர் படிக்கிறார் என்று தெரிந்தது. படித்து முடித்தபோது குரல் இறங்கியிருந்தது.

“மூணாவது காரணம் போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“ஒண்ணுன்னு மாத்தித் திருப்பி அனுப்புங்க. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நான் இதைப் பார்க்கவே இல்ல. எங்களுக்கு அந்த அம்மா பிழைச்சாப் போதும், எந்தக் காரணமா இருந்தா என்ன?”

“அந்தம்மாவுக்குப் போதாதாம், மேடம்.”

அவர் பெருமூச்சு விட்டார். “உங்களுக்கு இன்னும் ஒரு வருஷந்தானே சர்வீஸ் இருக்கு?”

“பதினோரு மாசம்.”

“ஏத்துக்கிறேன்,” என்றார். சிறிது நேரத்தில் திரையில் பதினேழாவது வரிசை சாம்பல் நிறமாகிப் பட்டியலிலிருந்து இறங்கிப் போனது. பதினெட்டு பதினேழானது. கீழே இருந்தவர்களெல்லாம் ஓர் இடம் மேலே ஏறினார்கள்.

அண்ணன் ஒரே ஒரு முறை பேசினார், ஞாயிற்றுக்கிழமை.

“இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே.”

“சரிண்ணா.”

“அப்பா மாதிரி உன்னைச் செத்தவன்னு எழுத மாட்டேன். இப்ப எழுதவும் முடியாதாம்ல. தரகர் பிடிச்சிடுவாராம்.” அதைச் சொன்னபோது அவர் சிரித்தாரா என்று சின்னவருக்குப் பிடிபடவில்லை. அண்ணனை அவர் குறை சொல்லவில்லை. வீடு என்று ஒன்று இருந்தால் அதன் கதவைச் சாத்தவும் ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

அடுத்த பட்டியல் திங்கட்கிழமை வந்தது. இந்த முறை சின்னவர் முதல் நாளே திறந்தார். எட்டாவது வரிசையில் அப்பா. ஒன்பதாவது வரிசையில் அவர். ஆண், வயது ஐம்பத்தொன்பது, பொய்ச் சாட்சி. ஐந்து நாட்டிலும் இனி அவர் வாக்குமூலம் செல்லாது. அதற்கும் பத்து வேலை நாள் அவகாசம் இருந்தது. அந்தப் பதிவை எழுதியது அவர் நாடு என்பதால் ஆட்சேபிக்கும் உரிமை அவர் நாட்டுத் தொடர்பு அதிகாரிக்கு மட்டுமே இருந்தது. மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டு, “சின்ன வயசுல, பெத்தவர் கட்டாயத்துலன்னு ஒரு வரி போடுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்றார். சின்னவர் யோசிக்கிறேன் என்றார். பத்து நாளும் யோசிக்கவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவருடைய கைபேசி அடித்தது.

“சின்னவனே, அட்டை ஓடுது,” என்றாள் அக்கா. பின்னால் இயந்திரம் சீராகச் சுற்றும் சத்தம் கேட்டது. “இப்ப ஏத்திட்டு இருக்காங்க. நாலு மணி நேரம். கையை அசைக்கக்கூடாது. பேசலாம்.”

“சரிக்கா.”

“அப்பா பேரு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எத்தனாவது?”

“எட்டு. நான் ஒன்பது.”

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கும் பக்கத்துலதான் நின்னிருப்பே,” என்றாள். “சரி, வை. நர்ஸ் முறைக்கிறா.”

வைத்தார். திரையில் ஆட்சேபப் படிவம் திறந்தே இருந்தது. எல்லாக் கட்டமும் காலி. கடிகாரம் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை நிமிடங்களைச் சொல்லவில்லை. கீழே பஸ்ஸின் மேல் தண்ணீர் அடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

“சார், பன்னிரண்டு,” என்றாள் கடைசியில்.

சின்னவர் தலையை ஆட்டினார். மேசையில் இருந்த டீயின் மேல் படிந்திருந்த ஆடையைக் கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஆறிப்போனதைக் குடித்தார்.